மருந்துக்கு ஒரு பாட்டு

"மருந்துக்குக்கூட இல்லை" என்று நம்மவர்கள் ஒரு பேச்சுப் பேசுவார்கள். ஒரு துளிகூட இல்லை என்று அதற்குப் பொருள். காவேரிக் கரையில் ஒரு வருஷம் தண்ணீர் மருந்துக்குக்கூட இல்லாமற் போகலாம். களத்தில் நெல் மருந்துக்குக்கூட இல்லாமற் போகலாம். ஆனால் மருந்துக்குக்கூடப் பாட்டு இல்லாத ஊர் என்று ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். அந்த ஊருக்கு நான் கால்நடையாகவே வந்து சேருகிறேன்.

திருக்காட்டுப்பள்ளி அதற்கு விலக்கல்ல. காவேரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடத்தை ஒட்டிய ஊர். மேற்கே போனால் கல்லணை. கிழக்கே போனால் திருவையாறு. திருவையாற்றுக்குப் போகிறவர்கள் தியாகராஜ சுவாமிகளின் சமாதியையும் அசோகா அல்வாவையும் ஒரே மூச்சில் தரிசித்துவிட்டுத் திரும்புவார்கள். திருக்காட்டுப்பள்ளியில் இறங்குகிறவர்களுக்கு அக்னீசுவரர் கோயில் இருக்கிறது. தமிழில் தீயாடியப்பர். தொட்டதையெல்லாம் எரிக்கிறான் என்ற பழி தீர வேண்டும் என்று அக்கினி பகவான் இங்கே வந்து தீர்த்தம் உண்டாக்கி வழிபட்டதாக ஸ்தல புராணம் சொல்கிறது. நெருப்புக்கே மனசு சரியில்லாமற் போய், சிகிச்சைக்கு வந்த ஊர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கோயிலைப் பாடியவர்கள் அப்பரும் சம்பந்தரும். இருவருக்கும் வைத்திய சம்பந்தம் உண்டு என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அப்பர் பாட ஆரம்பித்ததே திருவதிகையில் சூலை நோய் தாங்க முடியாமல்தான். சம்பந்தரோ, கொள்ளிடத்துக்கு அக்கரையில் இப்போது திருவாசி என்று சொல்கிற திருப்பாச்சிலாச்சிராமத்தில், மழவன் மகளைப் பிடித்திருந்த முயலகன் என்ற நோயைப் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரிய புராணம். பிற்காலத்துக்கு வந்தாலும் கதை தொடர்கிறது. திருவாரூரில் தம்பியப்பன் என்ற சீடருக்கு வயிற்று வலி. ஜாதகத்தில் குரு சரியில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் அடாணா ராகத்தில் வியாழன் மீது ஒரு கீர்த்தனை செய்து கொடுத்துப் பாடச் சொன்னார். வலி போயிற்று என்கிறார்கள். தியாகராஜர் பிலஹரியில் பாடி, போன உயிரையே திரும்ப அழைத்தார் என்று இன்னொரு கதை.

இந்தக் கதைகளோடு மல்லுக்கு நிற்க நான் வரவில்லை. பக்தி ஒரு கணக்கு. அதை நம் கணக்கு நோட்டில் பதிந்து கூட்டிக் கழிக்க முடியாது. ஆனால் கதையை நோட்டீஸில் அச்சடித்து, கீழே டிக்கெட் விலையும் போட்டுவிட்டால் அது வேறு சமாசாரம். அப்படி ஒரு நோட்டீஸ் சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்தது.

கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார். நல்ல மனிதர். கையில் ரசீதுப் புத்தகம், தோளில் துண்டு, குரலில் எப்போதும் ஒரு மோகனம். நன்றாகப் பாடுகிற ஒரு வித்வானைப் பிடித்து, சன்மானம் இல்லாமல் பாடுவதற்கு ஒப்புக்கொள்ளச் செய்திருந்தார். வசூலாகிற பணம், பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கும், பேச்சு வராத குழந்தைகளுக்கும் பாட்டு மூலமாகப் பயிற்சி கொடுப்பதற்கு. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூரிலிருந்து பயிற்சி பெற்ற ஒரு பெண் வருவாள். அவளுக்குச் சம்பளம், பஸ் செலவு, ஒரு சுருதிப் பெட்டி, நாலு பாய், ஒரு மேஜை. இவ்வளவுதான் திட்டம். இதைவிடச் செலவு குறைந்த தர்மத்தை நான் கண்டதில்லை.

ஆனால் நோட்டீஸ்! மேலே வித்வான் பெயர். நடுவே ஒரு பட்டியல். ஆனந்தபைரவி, இரத்தக் கொதிப்புக்கு. நீலாம்பரி, தூக்கமின்மைக்கு. சங்கராபரணம், சித்தக் கலக்கத்துக்கு. பிலஹரி, மனச் சோர்வுக்கு. பக்க வாத்தியக்காரர்கள் பெயர்கூட அதற்கும் கீழே சின்ன எழுத்தில் போய்விட்டது. வியாதிக்குப் பக்க வாத்தியம் வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"தம்பி, உங்க பேரையும் ஒரு ஓரத்துல போட்டுக்கலாமா? எழுத்தாளர் பேரு இருந்தா நாலு டிக்கெட் கூடப் போவும்" என்றார் வாத்தியார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. என் ஞாபகம் பெரியப்பாவிடம் போய்விட்டது.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு தை மாதம். வலது கையும் வலது காலும் போயின. அதோடு பேச்சும் போயிற்று. எதிரே இருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியும். நாம் சொல்வதும் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு எழுத்து வந்து நின்றுவிடும். நாற்பது வருஷம் நெல் வியாபாரம் பேசி வாழ்ந்த மனிதர், தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் கண்ணில் ஜலம் விட்டார். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பித் தன் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் சாயங்காலம் அடுத்த வீட்டில் யாரோ ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டார்கள். கட்டிலில் படுத்திருந்தவர் அந்தப் பாட்டைப் பாடினார். முணுமுணுக்கவில்லை, பாடினார். பல்லவி, அனுபல்லவி எல்லாம், ஒரு வார்த்தை பிசகாமல். பெரியம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். பாட்டு முடிந்தது. "என்னங்க, என்னங்க" என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்ல முயன்றார். பழையபடி அதே ஒற்றை எழுத்து.

ஊர் முழுவதும் இந்தச் செய்தி பரவியது. பாட்டிலேயே குணமாகிவிடும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. அந்தச் சமயத்தில் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம். வியாதிக்கு ஒரு ராகமாக அடைத்து வைத்திருந்த ஒரு சாமானைப் பெரியம்மாவிடம் நல்ல விலைக்கு விற்றார். காலையிலும் மாலையிலும் ஆனந்தபைரவி கேட்டால் இரத்தக் கொதிப்பு தானாக அடங்கும் என்றார். மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா என்று கேட்டால், நேராகச் சொல்லவில்லை. "மாத்திரையெல்லாம் உஷ்ணம், அம்மா" என்று மட்டும் சொன்னார். சொன்னவருக்கு அது ஒரு வாக்கியம். கேட்டவளுக்கு அது ஒரு கட்டளை.

இருபது நாள் கழித்து என் தங்கை அரிசி டின்னில் கையை விட்டபோது மாத்திரைகள் வந்தன. எறிந்துவிடவும் மனம் வராமல், கொடுக்கவும் மனம் வராமல் பெரியம்மா அவற்றை அங்கே சேர்த்து வைத்திருந்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இரத்தக் கொதிப்பை அளந்த டாக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு தடவை அடைப்பு வந்திருந்தால் மனிதர் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார். ஆனந்தபைரவியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது எவ்வளவு நல்ல ராகம்! அதன் தலையில் இப்படி ஒரு பழியைச் சுமத்தப் பார்த்தார்களே என்றுதான் வருத்தம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். பெரியப்பா பாடுகிறார் என்று கேட்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "பாடத்தான் செய்வாங்க" என்றாள். எனக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் விசாரித்தேன்; படித்தேன்.

1745-லேயே ஸ்வீடன் தேசத்தில் டாலின் என்பவர் இதை எழுதி வைத்திருக்கிறார். வலது பக்கம் விழுந்து, பேச்சை இழந்த ஒருவன், மாதா கோயில் பாட்டுகளை மட்டும் வார்த்தையோடு பாடினானாம். பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடது பாதியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. பாட்டுக்கோ இரண்டு பாதியிலும் காணி நிலம் உண்டு. இடது பக்கத்து வாய்க்கால் அடைபட்டாலும் பாட்டு வேறு வாய்க்கால் வழியாக வந்துவிடுகிறது. இதைப் பயன்படுத்தி 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் மூன்று பேர் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். தினசரி வேண்டியிருக்கிற சின்ன வாக்கியத்தை இரண்டே ஸ்வரத்தில், மேலும் கீழுமாக இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தாளம் தட்ட வேண்டும். நாள் போகப் போக ஸ்வரத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் வெறும் பேச்சாகக் கொண்டுவந்து விடவேண்டும். 2011-ல் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அமெரிக்கப் பெண் அரசியல்வாதி காப்ரியேல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டுக்கொண்டதில் பாட்டுப் பயிற்சிக்கும் ஒரு பங்கு இருந்தது.

அந்தப் பெண் பெரியப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்-ணி வே-ணும்" என்று பாடினாள். ராகமும் இல்லை, பாவமும் இல்லை, தாலாட்டில் பாதி. நாலு நாள் அவர் வாயையே திறக்கவில்லை. அவருக்கு வெட்கம். ஐந்தாம் நாள் பாடினார். இரண்டு மாதத்தில் அவரிடம் பன்னிரண்டு வாக்கியங்கள் இருந்தன. தண்ணி வேணும், காப்பி வேணும், வலிக்குது, சன்னலைத் திற, யாரு வந்திருக்கா. அதற்கு மேல் அதிகம் சேரவில்லை. காலும் சரியாகவில்லை. அதற்குப் பின் மூன்று வருஷம் உயிரோடிருந்தார். கடைசி வரையில் மாத்திரையும் சாப்பிட்டார். பன்னிரண்டு வாக்கியம் கொஞ்சம் என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் முழுவதும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நியாயந்தான், தம்பி. ஆனா நம்ப ஜனங்களுக்கு வியாதி பேரைப் போட்டாத்தானே டிக்கெட் வாங்குவாங்க?"

"ஐயா, வியாதிப் பேரைப் பார்த்து வாங்குறவரு கச்சேரி கேக்க வரல்லே. மருந்து வாங்க வர்றாரு. மறுநாள் காலையிலே குணமாகல்லேன்னா பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேப்பாரு" என்றேன்.

வாத்தியார் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்போ பாட்டுக்கு சக்தியே இல்லைங்கிறீங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். பாட்டுக்குச் சக்தி இல்லை என்று சொல்ல நான் யார்? புறநானூற்றில் 281-ஆவது பாட்டு ஒன்று இருக்கிறது. வீரன் போரில் புண்பட்டு வந்து வீட்டில் கிடக்கிறான். அவனைக் காக்க ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், மணமுள்ள புகை போடுகிறார்கள், யாழ் வாசிக்கிறார்கள், குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். மலைபடுகடாத்தில் புலி பாய்ந்து புண்பட்ட கணவனுக்காகக் குறத்தியர் பாடுகிறார்கள். பேய் அண்டாமல் இருக்க என்று அவர்கள் நினைத்தார்கள். இருக்கட்டும். வேப்பிலையையும் புகையையும் விட்டுவிட்டு வெறும் பாட்டை மட்டும் அவர்கள் நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அத்தனையும் ஒரு பக்கம் நடந்தது. பாட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது ஏறக்குறைய அதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் பாட்டுக் கேட்கிற நோயாளிக்குப் பயம் குறைகிறது. நடுக்குவாதக்காரர் தாளத்துக்கு நடந்தால் நடை சீர்ப்படுகிறது. இரண்டாவது மகா யுத்தத்தில் உடம்பும் மனமும் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பாட்டுக்காரர்களை வரவழைத்தார்கள். வெறும் பாட்டுக்காரன் போதாது, நோயாளியிடம் எப்படிப் பழகுவது என்று தெரிந்த பாட்டுக்காரன் வேண்டும் என்று அங்கே புரிந்துகொண்டார்கள். 1944-ல் மிச்சிகனில் ஒரு கல்லூரி இதற்கென்று பட்டப் படிப்பு தொடங்கியது. 1950-ல் இதற்கு ஒரு தேசியச் சங்கமே ஏற்பட்டது. நம் பக்கத்தில் குன்னக்குடி வைத்தியநாதன், திருவையாற்று உற்சவத்தைப் பல வருஷம் முன்னின்று நடத்தியவர், ராகங்களின் குணத்தை ஆராய்வதற்கு ஓர் ஆராய்ச்சி மையமே அமைத்தார். 2008-ல் அவர் காலமானார். அவர் எழுப்பிய கேள்வி இருக்கிறது. கேள்வியைக் கேள்வியாகவே வைத்திருப்பதுதான் ஆராய்ச்சிக்கு மரியாதை. அதை நோட்டீஸில் பதிலாக அச்சடிப்பது வியாபாரம்.

"அப்போ நோட்டீஸுல எதைப் போடுறது?" என்றார் வாத்தியார்.

"எதுக்காகப் பணம்னு போடுங்க. யாருக்குப் போவுதுன்னு போடுங்க. டாக்டர் மருந்தை யாரும் நிறுத்தக்கூடாதுன்னு ஒரு வரி போடுங்க. வித்வானுக்கு இது போதும். பக்க வாத்தியக்காரங்க பேரைப் பெரிசா போடுங்க. பாவம், அவங்களும் சும்மாத்தானே வாசிக்கிறாங்க!"

கடைசி வாக்கியம்தான் அவரை வென்றது என்று நினைக்கிறேன். வாத்தியார் கொஞ்ச நாள் மிருதங்கம் கற்றுக்கொண்டவர்.

அவரை வழியனுப்பிவிட்டு உட்கார்ந்தபோது இன்னொன்று தோன்றியது. பிறர் கஷ்டத்துக்காகக் கச்சேரி செய்வது நம் நாட்டில் புதிதல்ல. 1944-ல் கஸ்தூரிபாய் காந்தி மறைந்ததும், அவர் நினைவு நிதிக்காக எம். எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் செய்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் என்று அவர் பாடிக் கொடுத்ததற்குக் கணக்கில்லை. 1974-ல் அவருக்கு மகசேசே பரிசு கிடைத்தது. எதற்குக் கிடைத்தது தெரியுமா? பொதுச் சேவைக்கு! பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லாத காலத்திலும், அந்தப் பாட்டு யாருக்குப் பயன்பட்டது என்பதற்காகவும் ஒரு பரிசு. அவர் மேடையில் இந்த ராகம் இந்த வியாதிக்கு என்று அறிவித்ததில்லை. பாடினார், பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, ஆஸ்பத்திரி வைத்தியம் பார்த்தது. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைவிடப் பழைய முன்மாதிரிகள் உண்டு. 1798 முதல் 1832 வரையில் ஆண்ட சரபோஜி மகாராஜா தன்வந்தரி மகால் என்று ஒரு வைத்திய சாலை நடத்தினார். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தார். அதே அரண்மனையில் மேல்நாட்டு பாண்டு வாத்தியமும் முழங்கியது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் நாட்டியத்துக்கு இலக்கணம் வகுத்தார்கள். வைத்தியமும் சங்கீதமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆனால் கண் ஆபரேஷனை பாண்டு கோஷ்டியிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

அவருக்குப் பின்னால் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்பாண்டி நாட்டில் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சாவூருக்கு வாத்தியாராக வந்து, சித்த வைத்தியராக ஆனவர். தஞ்சாவூருக்கு வெளியே தோட்டம் போட்டு மூலிகை வளர்த்தார். 'சஞ்சீவி' மருந்துகள் செய்து விற்றார். பணம் வந்து குவிந்தது. வந்த பணத்தை அவர் என்ன செய்தார்? 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். வித்வான்களை ஊர் ஊராக வரவழைத்து, அவர்கள் செலவையும் தாமே ஏற்றுக்கொண்டு, சங்கீத மாநாடுகள் நடத்தினார். சுருதிக் கணக்கை ஆராய்ந்து, 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் புத்தகத்தை வெளியிட்டார். ஆயிரம் பக்கத்துக்கு மேல்! 1919-ல் காலமானார். மருந்து விற்றுப் பாட்டை வளர்த்த ஒரு மனிதரை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்?

அவரே வைத்தியர், அவரே சங்கீத ஆராய்ச்சிக்காரர். ராகத்தைப் பொட்டலம் கட்டி விற்க நினைத்திருந்தால் அவரைவிடச் சௌகரியமானவர் யாரும் இல்லை. கடை இருந்தது, பெயர் இருந்தது, வாங்க ஜனங்கள் இருந்தார்கள். ஆனால் மூலிகையை மூலிகையாக விற்றார். சுருதியைச் சுருதியாக ஆராய்ந்தார். ஒன்றில் சம்பாதித்து இன்னொன்றில் செலவழித்தார்.

புது நோட்டீஸ் அச்சாகி வந்தது. என் பெயரும் ஓரத்தில் இருந்தது. கச்சேரிக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாதிக்கு மேல் நாற்காலிகள் நிறைந்தன. வித்வான் அன்றைக்கு ஒரு தோடி பாடினார். எந்த வியாதிக்கும் அல்ல, தோடிக்காகத் தோடி. தனி ஆவர்த்தனத்தின்போது ஒருவர்கூட வெளியே காப்பிக்கு எழுந்து போகவில்லை. நோட்டீஸில் பெரிய எழுத்தில் பெயர் போட்டதற்கு மிருதங்கக்காரர் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். சேர்ந்த பணம் அந்தப் பெண்ணின் ஒரு வருஷச் சம்பளத்துக்கும் சுருதிப் பெட்டிக்கும் காணும் என்றார் வாத்தியார். மேஜைக்கு மட்டும் துண்டு விழுந்தது. அதை அவரே தம் வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைத்தியர் மருந்து விற்ற காசில் பாட்டைக் காப்பாற்றினார். அந்தக் கடனில் ஒரு தவணையையாவது பாட்டு இப்போது கட்ட ஆரம்பித்திருக்கிறது. ரசீதுப் புத்தகத்தில் இன்னும் நிறையத் தாள் பாக்கி இருப்பதாகக் கேள்வி. வாத்தியார் உங்கள் வாசலுக்கு வந்தால் இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். மருந்துக்காவது ஒரு டிக்கெட் வாங்குங்கள்.